பெற்றோரால் எவ்வளவு முடியும்?

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பம் ஃபாஃப்சா என்ற படிவத்தைத் தவிர்ப்பது கடினம். அது கூட்டரசின் மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பம். வருமானத்தையும் சொத்தையும் கேட்டு வாங்கி, கடைசியில் ஒரே ஓர் எண்ணைக் கையில் தரும். நெடுங்காலம் அதற்கு 'எதிர்பார்க்கப்படும் குடும்பப் பங்களிப்பு' என்று பெயர். 2024-25 முதல் 'மாணவர் உதவிக் குறியீடு'. இந்தப் பெயர் மாற்றத்தை நான் ஒரு வாக்குமூலமாகவே பார்க்கிறேன். பங்களிப்பு என்றதும், அவ்வளவு கட்டினால் போதும் என்றுதானே எவரும் நினைப்பார்? குறியீடு 12,000 டாலர் என்றால் செலவு 12,000-த்தோடு நிற்காது. மீதித் தேவை முழுவதையும் ஈடுகட்டும் கல்லூரிகள் சிலவே.

குடும்பங்களை ஒரே அளவுகோலால் ஒப்பிடுவதுதான் இம்முறையின் பலம். 1950-களில் ஹார்வர்டின் ஜான் மன்றோ போன்றோர் இதற்கொரு சூத்திரம் தேடினார்கள். 1954-ல் கல்லூரிகளுக்கான பொது மதிப்பீட்டு அமைப்பும் வந்தது. அதிகாரியின் மனம்போன போக்கைவிட சூத்திரம் மேல். இப்போது வருமான விவரம் வரித்துறையிலிருந்து நேரே வந்துவிடுகிறது. நூறைத் தாண்டியிருந்த கேள்விகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. குறியீடு மைனஸ் 1,500 வரை போகலாம் என்பதால், ஏழைகளுக்குள்ளும் யார் மிக ஏழை என்று தெரிகிறது.

வருமானத்தில் கழிவுகள் போக மிஞ்சுவதில் 22 முதல் 47 விழுக்காடு வரை பெற்றோர் பங்கு. அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. சண்டை சொத்தில்தான். பெற்றோரின் சேமிப்பில் உச்சமாக 5.64 விழுக்காட்டை எடுக்கும் சூத்திரம், பிள்ளை பெயரில் இருக்கும் சேமிப்பில் 20 விழுக்காட்டை எடுக்கிறது. பேரன் பெயரில் தாத்தா போட்டுவைத்த 10,000 டாலர் 2,000 டாலராகத் திரும்பி வந்து கடிக்கும். அப்பா கணக்கில் இருந்தால் 564-க்குமேல் போகாது. குடியிருக்கும் வீடும் ஓய்வூதியக் கணக்கும் கணக்கிலேயே வராது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீடு வாங்க 3 லட்சம் டாலர் சேர்த்தவருக்கு அந்தப் பணத்தால் மட்டும் குறியீடு ஆண்டுக்கு 16,920 வரை ஏறலாம். அதே பணத்தை வீடாக மாற்றிவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுழியம். பல தனியார் கல்லூரிகள் தனியே கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் வீட்டு மதிப்பையும் விசாரிக்கும். ஒரே குடும்பம் இரண்டு படிவத்தில் இரண்டு குடும்பம்!

ஊரில் நிலமும் சென்னையில் ஃபிளாட்டும் வைத்திருக்கும் நம்மவருக்கு இன்னொரு சிக்கல். குடியிருப்பது அங்கல்ல என்பதால் அவை முதலீடு. கோவையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கோ பெரும்பாலும் கழிவு கிடையாது.

முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் பெற்றோர் பங்கு இரண்டாக வகுக்கப்பட்டது. 20,000 டாலர் தலைக்குப் பத்தாகும். 2024-25-ல் அந்த வகுத்தல் போயிற்று. இப்போது தலைக்கு இருபது. எளிமைக்குக் கொடுத்த விலை என்கிறார்கள், விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. அதே ஆண்டில் குடும்பப் பண்ணையும் சிறுதொழிலும் சொத்துக் கணக்கில் நுழைந்தன. 2025 சட்டம் 2026-27 முதல் அவற்றை மறுபடி வெளியே எடுத்தது. பண்ணையும் மாறவில்லை, பண்ணைக்காரரும் மாறவில்லை.

வருமானம் இரண்டாண்டுக்கு முந்தையது: 2026-27-க்கு 2024 வரிக்கணக்கு. நடுவில் வேலை போனால் கல்லூரி நிதியுதவி அலுவலர் கணக்கைத் திருத்தலாம். சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் போய்க் கேட்கத் தெரிந்த குடும்பத்துக்குத்தான் அது பயன்படும். நல்ல வசதி, ஓசையில்லாத வசதி.

இன்னொரு கேள்வியைப் படிவம் கேட்பதே இல்லை: பெற்றோருக்கு மனமிருக்கிறதா? அப்பா விவரம் கொடுத்துவிட்டுப் பணம் தர மறுத்தால் எண் அப்படியே நிற்கும். விவரமே தராவிட்டால் மாணவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, வட்டிச் சலுகையில்லாத கூட்டரசுக் கடன் மட்டும்; முதலாண்டில் உச்சம் 5,500 டாலர். வீட்டோடு பேச்சே இல்லாமல் தனியறை எடுத்து, வேலை பார்த்துப் படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணும் பொதுவாக இருபத்து நான்கு வரை 'சார்ந்திருப்பவர்' கணக்கில்தான் வருவார். நாளைக்கே அவருக்குக் கல்யாணமாகிவிட்டால், சூத்திரம் அவரைச் சுதந்திரமானவர் என்று ஏற்றுக்கொள்ளும்.