கழுவித் தீராத விஷம்

கல்கத்தாவின் வடபகுதியில், பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தையில், காற்றடைத்த பாலிதீன் பையொன்றில் இரண்டு பொன்மீன்களை வாங்கிக் குழந்தையின் கையில் கொடுத்து வீடு திரும்பும் தகப்பனார், சில வாரங்களுக்குள் அதே தெருவுக்கு வந்து வேறு இரண்டு மீன்களுக்கு விலை பேசுவது இந்நகரத்தில் அபூர்வமான காட்சியன்று. இடைப்பட்ட நாட்களில் அவர் அசிரத்தையாக இருந்தாரென்று சொல்வதற்கில்லை. அளவு மீறிய சிரத்தையே அந்த ஜீவன்களுக்கு எமனாக முடிந்திருக்கும். ஜலம் சற்றே கலங்கியதும் தொட்டியை அடியோடு காலி செய்து, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி, புது ஜலம் நிரப்பி வைக்கும் வழக்கம், வங்காளிகளின் இல்லங்களில் மட்டுமின்றி, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் நம்மவர் இல்லங்களிலும் வேரூன்றியிருக்கிறது. அவ்வளவு கழுவியும், டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவைக் காட்டும் பச்சை நிறம் மறைவதில்லை. அந்த வழக்கத்தின் குணத்தையும் தோஷத்தையும் பட்சபாதமின்றி எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் விஷத்தின் இயல்பை அறிய வேண்டும். மீன் உண்ட புரதத்தின் கழிவு, பெரும்பாகம் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி அதனோடு சேர்கிறது. ஜலத்தில் அது இரண்டு ரூபங்களில் இருக்கும்: ஒன்று, அதிகத் தீங்கில்லாத அம்மோனியம், மற்றொன்று, செவுள்களைத் தீய்த்துவிடும் அம்மோனியா. இவற்றின் விகிதத்தை நிர்ணயிப்பவை பி.ஹெச். அளவும் உஷ்ணமும். 25 டிகிரி உஷ்ணத்தில் பி.ஹெச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்கை ஒட்டியே விஷரூபம் கொள்கிறது, பி.ஹெச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டுகிறது. உஷ்ணம் 30 டிகிரியாக உயர்ந்தாலோ ஏழு பங்கையும் மிஞ்சுகிறது. தை மாதத்தில் மீன்கள் சகித்துக்கொண்ட அதே அளவு, வைகாசியில் அவற்றைக் கொன்றுவிடுவதன் ரகசியம் இதுவே.

ஜலம் மாற்றுவதன் நன்மையை யாரும் மறுக்க முடியாது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து தத்தளிக்கும் வேளையில், பாதி ஜலத்தை வெளியேற்றி, குளோரின் நீக்கிய அதே உஷ்ணமுள்ள ஜலத்தை நிரப்பினால் விஷம் அக்கணமே பாதியாகக் குறைகிறது; அவ்வளவு விரைவான பரிகாரம் வேறில்லை. அடியில் தங்கிய கசண்டும் அதனோடு வெளியேறுகிறது. ஆகவே, ஆபத்துக் காலத்து முதலுதவியாக இவ்வழக்கம் முற்றிலும் போற்றத்தக்கது.

ஆனால் முதலுதவியையே நித்திய வைத்தியமாகக் கொள்ளும்போது அதன் தோஷம் வெளிப்படுகிறது. 50 லிட்டர் தொட்டியொன்றில், நூற்றுக்கு நாற்பது பங்கு புரதமுள்ள தீனியை நாளொன்றுக்கு ஒரு கிராம் இடுவதாகக் கொள்வோம். புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்குப் பதினாறு பங்கு. ஆகவே 64 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் புகுகிறது. அதில் பாதியே அம்மோனியாவாக மாறினும், லிட்டருக்கு 0.64 மில்லிகிராம் நைட்ரஜன் அந்த ரூபத்தில் நாள்தோறும் சேர்கிறது. தினந்தோறும் தவறாமல் கால்பங்கு ஜலத்தை மாற்றி வந்தாலும், வரவும் செலவும் சமமாகும் நிலையில், ஒவ்வொரு நாளும் ஜலம் மாற்றுவதற்கு முன் லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராமுக்குக் குறையாமல் அது நின்றுகொண்டே இருக்கும். வேறு துணையின்றி வாளியை மட்டும் நம்பியவர், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்தவரின் நிலையை ஒப்பார்.

அந்தத் துணை கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் உயிர்களை ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை ஜலத்தில் மிதந்து திரிவதைக் காட்டிலும் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டே பெரும்பாலும் வாழ்கின்றன. சாதாரண பாக்டீரியாக்கள் பல ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிக்க, இவை இரட்டிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நாள் தேவைப்படும்; புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நம் குழாய் ஜலமோ இவற்றுக்குப் பகை: நகரத்துக்கு வடக்கேயுள்ள பல்தா நிலையத்தில் ஹூக்ளி நதியின் ஜலத்தைச் சுத்திகரித்து, நம் ஆரோக்கியத்தின் பொருட்டுக் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அந்தக் குளோரின் நமக்கு ரட்சையாகவும் இந்த நுண்ணுயிர்களுக்கு நாசமாகவும் இருக்கிறது. அழுக்கென்று நாம் குழாயடியில் பிழிந்து கொட்டிய பழுப்பு நிறப் படலமே தொட்டியின் உயிர்நாடி. ஞாயிறுதோறும் அதைக் கழுவிவிட்டு, திங்கட்கிழமை அம்மோனியா ஏன் தீரவில்லையென்று வியப்பது நியாயமாகாது. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய ஜலத்திலேயே இரண்டு முறை மெல்ல அமுக்கி எடுப்பது போதும்.

எனினும், எல்லாப் பழியையும் கழுவும் வழக்கத்தின்மீதே சுமத்துவதும் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. ஃபில்டரைக் கழுவாமலே இருந்தும் அம்மோனியா நீடிக்குமாயின், காரணத்தை வரிசையாகத் தேட வேண்டும். குழாய் ஜலத்தையே முதலில் சோதித்துப் பார்ப்பது உத்தமம். நதி ஜலத்தில் அம்மோனியா கலந்திருந்தால் அது குளோரினோடு சேர்ந்து குளோரமீனாகும். குளோரினை நீக்க வழக்கமாக இடும் ஹைப்போ உப்பைப் போட்டால் குளோரின் பகுதி நீங்கி அம்மோனியா எஞ்சிவிடும். அடுத்து, தீனியின் அளவையும், மீன்களின் கூட்டத்தையும், கற்களின் இடுக்கில் செத்துக் கிடக்கும் நத்தையையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அந்த நுண்ணுயிர்களுக்கு நாலரை மில்லிகிராமுக்குச் சற்று மேலாகப் பிராணவாயு வேண்டும். 30 டிகிரி ஜலத்திலோ லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமே கரைந்திருக்க முடியும். ஆகவே கோடையில் மின்சாரம் நின்று, ஏர் பம்ப் பல மணி நேரம் ஓய்ந்துவிட்டால், ஸ்பாஞ்சுக்குள்ளே அவை மூச்சுத் திணறி மடிகின்றன. காரத்தையும் அவை உட்கொள்வதால், மிருதுவான ஜலத்தில் பி.ஹெச். ஆறுக்குக் கீழே இறங்கி வேலையே ஸ்தம்பிப்பதும் உண்டு.

நுண்ணுயிர்களை நம்பிப் பொறுத்திருக்கும் பாடத்தைக் கற்கக் கல்கத்தாவாசி தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. நகரத்தின் கிழக்கே, 2002ஆம் ஆண்டு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ராம்சர் தலமாக அங்கீகரிக்கப்பட்ட 12,500 ஹெக்டேர் ஈரநிலங்களில், ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற குளங்களுக்குள் சாக்கடை ஜலத்தை விட்டு மீன் வளர்க்கிறார்கள். அந்த அமைப்பின் மகத்துவத்தை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்னும் பொறியியலாளர். அங்குள்ள மீனவர்கள் கழிவு ஜலத்தைப் பாய்ச்சிய அன்றே மீன்குஞ்சுகளை விடுவதில்லை. வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் தம் காரியத்தை முடிக்குமட்டும் சில வாரங்கள் காத்திருந்து, பிறகே குஞ்சுகளை விடுகிறார்கள். அதன் பின்னரும் கழிவைச் சிறுகச் சிறுகவே சேர்க்கிறார்கள். திறந்த வானமும் பரந்த பரப்பும் கொண்ட அக்குளங்களின் பலம் நம் கண்ணாடித் தொட்டிக்கு இல்லையென்பது மெய். அங்கே சூரியனும் பாசியும் புரியும் தொண்டை இங்கே ஸ்பாஞ்சும் ஏர் பம்பும், வாரமொரு முறை கால்பங்கு ஜலம் மாற்றுவதும் ஈடுசெய்ய வேண்டும். ஆயினும், மீன்களை இறக்குமுன் ஜலத்தைப் பக்குவப்படுத்துதல் என்ற அந்த முறைமை இரண்டுக்கும் பொது.

ஆகவே கழுவும் வழக்கத்தை அடியோடு தள்ள வேண்டியதில்லை. முழுத் தொட்டியையும் துடைத்தெடுக்கும் அதன் ஆவேசத்தை விட்டு, கால்பங்கும் பாதியும் மாற்றும் அதன் நிதானத்தைக் கைக்கொண்டால் போதும். ஆனால் அதற்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. மீனில்லாத தொட்டியில் ஃபில்டரை இடைவிடாது ஓடவிட்டு, நாளும் ஒரு சிட்டிகை தீனி இட்டு, அம்மோனியாவும் அதன்பின் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யமாகும் வரை ஒரு மாதமோ அதற்கு மேலோ பொறுத்திருக்க வேண்டும். காலிஃப் தெருவுக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டியது அந்தப் பூஜ்யத்தைக் கண்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில்தான்.