பூச்சிக்கொல்லி என்னும் பெயரும் நற்றிணை அடாரும்

ஒரு பொருளுக்கு இடப்பெறும் பெயர் அதன் இயல்பை உணர்த்துதல் வேண்டும், மறைத்தல் ஆகாது. மறைக்குமாயின் அப்பெயரை ஆராய்ந்து தக்கது காண்டல் மொழித்துறையார் கடனாகும். பயிர்த்தொழிலில் இன்று பெருக வழங்கும் ‘மருந்து’, ‘பூச்சிக்கொல்லி’ என்னும் இரு பெயர்களையும் சங்கப் பாட்டொன்றின் துணைகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றை அடுத்து அமைந்தது வேடசந்தூர். புன்செய் மிக்க நிலம். புகையிலையும் சோளமும் நிலக்கடலையும் முருங்கையும் காய்கறிகளும் விளைவன. இப்பக்கத்து உழவர், பயிரில் நஞ்சு தெளித்தலை ‘மருந்தடித்தல்’ என்றே கூறுவர். இவ்வழக்கு அறியாமையால் எழுந்ததென்று கொள்ளுதல் பொருந்தாது. பயிர்க்குற்றதை நோய் என்று கருதும் நெஞ்சம், அதனைப் போக்குவதை மருந்து என்று அழைத்தல் இயல்பே. ஆயினும், அதே மக்கள் ‘மருந்து குடித்து இறந்தார்’ என்றும் துயரத்துடன் கூறுவதைக் கேட்கின்றோம். ஆங்கு அச்சொல் நஞ்சையே குறிக்கின்றது. ஆகவே பேச்சு வழக்கில் இடமும் குறிப்பும் பொருளைக் காத்துக்கொள்கின்றன. அச்சொல் விளம்பரத்திலும் பாடநூலிலும் ஏறும்போதுதான் அக்காப்பு நீங்குகின்றது. மருந்து என்ற தலைப்பில் ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதன்கண் பெரிதும் வற்புறுத்துவது அளவினையே என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

‘பூச்சிக்கொல்லி’ என்பது கற்றோர் ஆக்கிய கலைச்சொல். கொல்லுதலை மறையாது கூறுதலின் இது முன்னையதினும் நேர்மையுடையது. ஆயின் இதிலும் ஒரு குறை உண்டு. ‘பூச்சியைக் கொல்வது’ என விரியும் இத்தொகை, கொலைப்படு பொருளைப் பூச்சி என வரையறுத்துவிடுகின்றது. ஆக்கியோன் கருத்து அதுவாகலாம். நஞ்சின் செயல் அதுவன்று. இதற்கு மூன்று சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது டி.டி.டி. இதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பவுல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இந்நஞ்சு எளிதிற் சிதையாது கொழுப்பில் தங்குவது. பூச்சியைத் தின்னும் சிறுபுள்ளினும், அப்புள்ளைத் தின்னும் பெரும்புள்ளினிடத்து மிகுதியாகச் சேர்வது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வல்லூறு முதலிய பறவைகளின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்குங்கால் நொறுங்கியமைக்கு இதுவே ஏது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந்தியாவில் வேளாண்மைக்கு இதனைப் பயன்படுத்துதல் 1989இல் தடுக்கப்பட்டது.

இரண்டாவது மோனோகுரோட்டோபாசு. 1995-96இல் அர்ச்சென்டினா நாட்டு வயல்களில் வெட்டுக்கிளிகளை அழிக்க இதனைத் தெளித்தனர். அவ்வெட்டுக்கிளிகளை உண்ட பருந்தினப் பறவைகள் பல்லாயிரம் மடிந்தன. அவை வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்தவை. ஒரு நாட்டில் தெளித்த நஞ்சு மற்றொரு நாட்டுப் புள்ளினத்தைக் குறைத்தது.

மூன்றாவது வேடசந்தூர்க்கு ஒருவாற்றான் உறவுடையது. புகையிலையின் நிக்கொட்டின் பழங்காலந்தொட்டே பூச்சியை அழிக்கப் பயன்பட்டது. புகையிலைக் கரைசலை நம் உழவரும் அறிவர். நிக்கொட்டின் தாக்கும் அதே நரம்பிடத்தைத் தாக்குமாறு ஆக்கப்பெற்றவையே இமிடாகுளோபிரிடு முதலிய புதிய நஞ்சுகள். இவற்றை விதையிற் பூசினாலே போதும். வளரும் பயிரின் தண்டிலும் இலையிலும் பரவிப் பூந்துகளிலும் தேனிலும் சேரும். தேனீக்களுக்கு நேரும் கேடு கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்வகையுள் மூன்றனைத் திறந்தவெளியிற் பயன்படுத்துதலைத் தடுத்தது. தேனீயும் பூச்சியே எனின், சொல் பிழைபடவில்லை என்பார் உளர். ஆயின் அழிக்கக் கருதிய பூச்சி அதுவன்றே! முருங்கைப் பூவைக் காயாக்கும் உயிரும் அதனை அரிக்கும் புழுவும் ஒரே பெயருள் அடங்கிவிடுதல் அச்சொல்லின் மற்றொரு குறையாகும்.

இனிப் பாட்டிற்கு வருவோம். நற்றிணை 119ஆம் பாட்டு தோழி கூற்றாக அமைந்தது. தலைவனது நாட்டைச் சிறப்பிக்குமிடத்து ஒரு செய்தி வருகின்றது: தினையை உண்ணும் பன்றியின்பொருட்டுப் புனவன் பெருங்கல்லால் ஆன பொறியை அமைக்கின்றான், அதன்கண் புலி அகப்படுகின்றது. அப்பொறியின் பெயர் அடார். புலவர் புனவனைப் பழித்திலர். அவனுக்கும் விளைவைக் காத்தல் வேண்டும் என்பதை அறிந்தவர் அவர். ஆயினும் கருதியது ஒன்று, வீழ்ந்தது மற்றொன்று என்பதை மறைத்தாரும் அல்லர். அடார் என்னும் பெயரும் கருவியை மட்டுமே குறிக்கின்றது. எவ்வுயிரைக் கொல்லும் என்று உறுதி கூறவில்லை. முன்னோர் அதற்குப் ‘பன்றிக்கொல்லி’ என்று பெயரிட்டிருப்பின், புலியின் சாவுக்கு அப்பெயருள் இடமே இராது. ‘பூச்சிக்கொல்லி’ என்னும் பெயருள் பருந்துக்கும் தேனீக்கும் இடமில்லாமை இத்தகையதே.

சங்ககால வாழ்வு உயிர்க்கொலை அறியாத வாழ்வு என்று இதனாற் கூறுவோமல்லேம். அடாரே அதற்கு மறுப்பு. எனினும் குறிஞ்சிப்பாட்டிற் காணும் தழல், தட்டை, குளிர் என்பன கிளியை ஓப்பும் கருவிகள். கொல்லும் கருவிகள் அல்ல. ஓப்புதலும் கொல்லுதலும் வேறென்பதை அக்கால வழக்கு தெளிவாக வைத்திருந்தது. இன்று அவ்வேறுபாடு மங்கியுள்ளது. 2018 ஆகஸ்டில் மதுரையை அடுத்து நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் இறந்து கிடந்தன. நஞ்சு கலந்த நெல்லே காரணம் என ஐயுறப்பட்டது. மயிலால் விளைவிழக்கும் உழவர் துன்பம் பொய்யன்று. அதற்குரிய ஈட்டை அரசு தருதல் வேண்டும். ஆயினும் ஓப்ப வேண்டிய இடத்தில் கொல்லுதல் தீர்வாகாது.

இரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில், இவற்றை உயிர்க்கொல்லி என்றே அழைத்தல் தகும் என்று எழுதினார். பெயரே முதற்பிழை என்று அறிவியலார் ஒருவர் கண்டது நம் துறைக்கும் பாடமாகும். ஆயின் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டுவதின்று என்பது எம் கருத்து. ‘நஞ்சு’ என்னும் பழஞ்சொல் போதும். வேண்டுமிடத்து ‘வயல்நஞ்சு’ எனலாம். அது யாரைக் கொல்லும் என்று உறுதி கூறாது; எங்கே இடப்படுகின்றது என்பதை மட்டும் கூறும். அடாரைப் போல அடக்கமான பெயர் அது.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது உணவு, விலங்கு, மரம், புள், தொழில் ஆகியவற்றை ஒருங்கே வைத்தார். உள்ளுறை உவமம் பிறப்பது தெய்வம் ஒழிந்த இக்கருப்பொருள்களிடத்தே. இவற்றுள் ஒன்று நிலத்தினின்று மறையின், அதனை நிலைக்களனாகக் கொண்ட பாட்டின் உட்பொருளும் மாணவர்க்கு உரையளவிலேயே நின்றுவிடும். ஆகவே புள்ளையும் தேனீயையும் காத்தல் உழவர்க்கும் அரசுக்கும் மட்டும் உரிய வேலையன்று. கலைச்சொல் தொகுக்கும் இளம் ஆராய்ச்சியாளர், பொருள் மறைக்கும் பெயரை அவ்வாறே ஏற்காது, வயலிற் சென்று கண்டு பெயரிடுவாராயின், அதுவும் அக்காப்பில் ஒரு பங்காகும்.