பதினான்காம் நிலைக்கு அப்பால்: கத்தோலிக்கப் பங்குகளின் தவக்கால பக்தி பற்றி ஒரு திறனாய்வு

கத்தோலிக்கச் சகோதரர்களின் தவக்கால பக்திமுயற்சிகளைப் பற்றி நம் சபைகளில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றது. ‘இவை வேதத்தில் இல்லை’ என்பதே அவ்வாக்கியம். அது முழுப் பொய்யுமன்று. ஆயினும் ஆராய்ச்சியின் உழைப்பை மிச்சப்படுத்தும் தீர்ப்பு அது. ஆயர்களும் இறையியல் மாணவரும் இன்னும் சற்று உழைக்கக் கடமைப்பட்டவர்கள். நாற்பது நாட்கள் ஒரு பங்கு மக்கள் நடக்கின்றார்கள், பசித்திருக்கின்றார்கள், முழந்தாட்படியிடுகின்றார்கள். இவையெல்லாம் அவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன? இக்கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

தவக்காலம் பிறந்த காரணத்தை முதலில் நினைவுகூர வேண்டும். கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியில் நாற்பது நாட்காலம் பற்றிய குறிப்பு வருகின்றது. அதே நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி, அங்கே தாம் கண்டதை விரிவாக எழுதி வைத்துள்ளார். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் மக்களைச் சூழ அமர்த்தி, பேராயர் நாள்தோறும் மூன்று மணி நேரம் ஆதியாகமம் தொடங்கி வேதத்தைப் போதித்தாராம். (நம் திடப்படுத்தல் வகுப்புகள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடந்தாலே நாம் மகிழ்கின்றோம்.) ஈஸ்டர் இரவின் தண்ணீரை நோக்கிய பயணமாகவே தவக்காலம் அன்று விளங்கியது. பிற்காலத்தில் குழந்தை ஞானஸ்நானம் பொதுவழக்கமானபோது ஆயத்தக்காரர் மறைந்தனர். காலம் மட்டும் எஞ்சியது. அந்த வெற்றிடத்தை மனஸ்தாப ஒழுக்கமும், இடைக்காலத்தில் வளர்ந்த கிறிஸ்துவின் பாடுகளைக் குறித்த பக்தியும் நிரப்பின.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் இந்தப் பழைய நோக்கம் மீட்கப்பட்டது. ஞானஸ்நானத்தை நினைவுகூர்தல் அல்லது அதற்கு ஆயத்தமாதல், மனந்திரும்புதல் ஆகிய இரண்டுமே தவக்காலத்தின் பண்புகள் என்று அது கூறுகின்றது. அதன் விளைவாக முதலாம் ஆண்டு வாசக வரிசையில் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளுக்குச் சமாரியப் பெண், பிறவிக் குருடன், லாசரு ஆகியோரின் வரலாறுகள் யோவான் சுவிசேஷத்திலிருந்து வைக்கப்பட்டன. தண்ணீர், ஒளி, உயிர் என்று படிப்படியாக ஏறும் இவ்வரிசையைவிடச் சிறந்த ஞானஸ்நானப் போதனையை நாம் அறியோம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் இப்பகுதிகள் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படுகின்றன. அந்த மொழிபெயர்ப்புக்காக உழைத்தவர்களுள் நம்மவரும் உண்டு என்பதையும், நம் பிரசங்க பீடங்களில் பெரும்பாலானவை அதனை இன்னும் ஏற்கவில்லை என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றோம்.

எனினும் ஒரு பங்கின் தவக்காலத்தை ஞாயிறு வாசகங்களைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. வெள்ளிக்கிழமை மாலையில் சென்று பார்க்க வேண்டும். தூத்துக்குடிப் பகுதியில் உப்பளத் தொழிலாளர் மிகுந்த பங்கு ஒன்றில் இதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். தவக்காலம் அங்கே வெயில் ஏறும் காலம். உப்பு விளையும் காலமும் அதுவே. விடியுமுன் பாத்திக்குப் போய்க் கால் வெடிக்க உழைத்த பெண்கள் மாலையில் குளித்து, வெறுங்காலோடு ஆலயத்துக்கு வருகின்றார்கள். ஒருவர் சிலுவையைச் சுமக்க, இருவர் மெழுகுதிரி ஏந்த, சுவரில் மாட்டிய பதினான்கு படங்களின் முன் மக்கள் நின்று நின்று செல்கின்றார்கள். முதியோர் இன்றும் ‘நிலை’ என்னாமல் ‘ஸ்தலம்’ என்றே சொல்லுகின்றனர். எழுத்தறியாத மூதாட்டிக்கும் பதில்மொழி மனப்பாடம். புத்தகம் தேவையில்லை; பாடகர் குழு தேவையில்லை; குருவானவர் வராவிட்டாலும் வழிபாடு நடக்கும். உடல் முழுவதும் ஜெபிக்கும் இத்தகைய வழிபாடு நம் சபைகளில் ஏது? உட்கார்ந்து கேட்பதையே ஆராதனையின் பெரும்பகுதியாக்கிவிட்ட நாம் இதை எளிதில் இகழ்தல் தகாது.

அவர்களது தவக்காலச் சொற்களும் கவனிக்கத்தக்கவை. முதல் நாளை முன்னோர் ‘விபூதிப் புதன்’ என்றனர். அயலாரின் சமயச் சொல்லை அஞ்சாது எடுத்தாண்ட துணிவு அதில் தெரிகின்றது. ‘லெந்து’ என்னும் நம் சொல்லோ வசந்தத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. நம் வானிலைக்கு அது யாதொரு தொடர்பும் உடையதன்று. ஒரு வேளை மட்டும் உண்பது ஒருசந்தி. புலால் விலக்குவது சுத்தபோசனம். ஆயின் திருச்சபைச் சட்டம் விலக்குவது இறைச்சியையே, மீனை அன்று. கடற்கரை ஊரில் வெள்ளியன்று மீன்குழம்பு உண்பது எவ்வகை ஒறுத்தல் என்று யாரும் கேட்கலாம். நம் மக்களில் பலர் சட்டத்தையும் கடந்து மீனையும் விட்டுவிடுகின்றனர். 1966-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட ஆணை, உபவாசத்தைச் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் சுருக்கி, மற்றவற்றுக்கு ஈடாக இரக்கச் செயல்களையும் ஜெபத்தையும் ஏற்படுத்த அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகளுக்கு இடமளித்தது. ஏற்கெனவே ஒருவேளை உண்பவர்க்கு ஒருசந்தி எதைக் கற்பிக்கும் என்பதை ஏசாயா 58-ஆம் அதிகாரத்தின் வெளிச்சத்தில் அவர்களும் நாமும் இன்னும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிச் சிலுவைப்பாதைக்கு வருவோம். 1731-இல் பன்னிரண்டாம் கிளமெந்து பாப்பரசர் காலத்தில் நிலைகளின் எண்ணிக்கை பதினான்கு என்று உறுதியாயிற்று. இவற்றுள் மூன்று வீழ்ச்சிகள், தாயைச் சந்தித்தல், வெரோனிக்காள் முகம் துடைத்தல் ஆகிய ஐந்தும் சுவிசேஷங்களில் இல்லை. நம்மவர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். நமக்கோ சுவிசேஷத்தில் இல்லாத நிலைகளைக் காட்டிலும் சுவிசேஷத்தில் உள்ள எட்டாம் நிலையே பெரிய இடறலாகத் தோன்றுகின்றது. எருசலேமின் பெண்கள் தமக்காக அழுவதை ஆண்டவர் தடுத்து, அவர்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் அழச் சொன்னதை லூக்கா 23-இல் காண்கின்றோம். அழியப்போகும் ஒரு நகரத்தைப் பற்றிய தீர்க்கதரிசன வார்த்தை அது. வழக்கமான ஜெபநூல்களோ இவ்விடத்தில் தனிமனிதன் தன் பாவத்துக்காகச் சிந்தும் கண்ணீரை மட்டுமே பேசுகின்றன. மொத்த வழிபாடும் எதைச் செய்கின்றதோ அதையே ஆண்டவர் நடுவழியில் நிறுத்திக் கேள்வி கேட்கின்றார். வழிபாடு அதைக் கேளாததுபோல் ஒன்பதாம் நிலைக்கு நகர்ந்துவிடுகின்றது.

அண்மைக்காலத்தில் இக்குறையை நீக்க மீனவர், தலித் மக்கள், பெண்கள் ஆகியோரின் துயரங்களை நிலைதோறும் இணைத்துப் புதிய சிலுவைப்பாதைகள் எழுதப்படுகின்றன. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் சில இடங்களில் நிலைக்கு நிலை ஒரு சொற்பொழிவு நிகழ்கின்றது. வாரத்துக்கு ஒரு புதுத்தாள் வருகின்றது. மனப்பாடம் பயனற்றுப்போய் மூதாட்டி மௌனமாகின்றாள். அவள் குரலைப் பறித்துவிட்டு அவள் துயரை வாசித்தல் நியாயமாகாது.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. சிலுவைப்பாதை கல்லறையில் முடிகின்றது. நாற்பது நாளும் அதுவே நெஞ்சில் நிற்கும்போது, இறந்தவருக்காகத் துக்கம் காக்கும் காலமாகத் தவக்காலம் மாறிவிடுகின்றது. இது புறத்தாரான நமது கூற்று மட்டுமன்று. வெகுஜன பக்தியைப் பற்றி வத்திக்கான் 2001-இல் தயாரித்த வழிகாட்டி நூலும், தவக்காலத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் உள்ள உறவை மக்கள் பக்தி எளிதில் உணராமல் ஆண்டவரின் பாடுகள், மரணம் ஆகியவற்றின்மேலேயே கருத்தூன்றுகின்றது என்று ஒப்புக்கொள்கின்றது. சிலுவைப்பாதை உயிர்த்தெழுதலின் நம்பிக்கையோடு நிறைவுற வேண்டும் என்றும் கூறுகின்றது. 1991-இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் உரோமாபுரியில் முற்றிலும் வேத ஆதாரமுள்ள நிலைகளைப் பயன்படுத்தினார். கெத்செமனேயில் தொடங்கி, பேதுருவின் மறுதலிப்பும் மனந்திரும்பிய கள்வனும் இடம்பெறும் அவ்வரிசையை நாம் கண்ட பங்குகளில் சிலரே அறிந்திருந்தனர். பாஸ்கா இரவில் ஆலயம் நிரம்புகின்றது, உண்மைதான். மணிகள் ஒலிக்க உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் திறக்கப்படும்போது எழும் ஆரவாரம் மெய்சிலிர்க்கச் செய்கின்றது. சற்றுப் பின்னர் தண்ணீர் ஆசீர்வதிக்கப்பட்டு ஞானஸ்நான வாக்குறுதிகள் புதுப்பிக்கப்படும்போதோ பலர் களைத்துத் தூங்கும் குழந்தைகளைத் தோளில் மாற்றிக்கொண்டிருக்கின்றனர்.

இவ்வளவு சொன்னபின் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையை நாம் சீர்திருத்த மரபின் சொத்தாகவே கருதுகின்றோம். அதன் பிறப்பிடம் பெரு நாட்டின் லீமா நகரம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குருக்கள் அங்கே தோற்றுவித்த பங்கு பக்திமுயற்சி அது. ஐரோப்பாவுக்குப் பரவி, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குள் நுழைந்து, மிஷனெரிகள் வழியாக நம்மை அடைந்தது. கத்தோலிக்கர் தம் வழிபாட்டைப் புதுப்பித்தபோது வெள்ளி பிற்பகலில் பாடுகளின் வாசகத்துக்கும் சிலுவை ஆராதனைக்கும் முதலிடம் தந்தனர். அவர்கள் பின்தள்ளிய பழைய பக்தியை நாம் நம் நாளின் உச்சியாக்கி, ஏழு பிரசங்கிகளை ஏழு மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்கின்றோம்! சிலுவைப்பாதைக்கு எதிராக நாம் கூறிய குறை இதற்கு அதிகமாகவே பொருந்தும். அவர்களுக்காவது பதினான்காம் நிலைக்கு அப்பால் ஒரு தீயும் ஒரு திரியும் ஒரு தொட்டித் தண்ணீரும் காத்திருக்கின்றன. நம் ஆலயங்களில் பலவோ வெள்ளி பிற்பகல் பூட்டப்பட்டால் ஞாயிறு அதிகாலைதான் திறக்கின்றன. ரோமர் 6-ஆம் அதிகாரம் எந்த இரவுக்கு உரியதோ அந்த இரவில் நாம் உறங்குகின்றோம். வயதுவந்தோர் ஞானஸ்நானம் பெற வந்தால் வசதியான ஏதோ ஒரு ஞாயிற்றில் கொடுக்கின்றோம். திடப்படுத்தலோ பேராயரின் நாட்குறிப்பில் கிடைக்கும் இடைவெளியில் நடக்கின்றது.

லெந்து காலக் கூட்டங்களுக்குப் பிரசங்கியாரைத் தேடும் ஆயர்கள், வரும் ஆண்டில் அந்த மூன்று யோவான் பகுதிகளையும் தம் சபையின் திடப்படுத்தல் வகுப்பாரோடு வாசித்து, சனிக்கிழமை இரவு ஆலயத்தைத் திறந்து வைப்பார்களாயின், நாம் கத்தோலிக்கரிடமிருந்து கடன் வாங்குவதாக எவரும் குறை கூற முடியாது. எகேரியா கண்ட எருசலேம் நம் இரு சாராருக்கும் முந்தியது.