முதல் பரிசு முள்ளங்கி: டோட்டோ-சானில் கேலியும் நட்பும்

டோட்டோ-சான் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ரயில் பெட்டி வகுப்பறையில் ஆரம்பித்து, தலைமையாசிரியர் கோபயாஷி நாலு மணி நேரம் அந்தச் சிறுமி பேசியதைக் காது கொடுத்துக் கேட்டதில் முடித்துவிடுகிறார்கள். நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட தமிழ் மொழிபெயர்ப்பு கிடைத்த நாளிலிருந்து அது 'மாற்றுக் கல்வி' அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் என் குறிப்பேட்டில் இந்தப் புத்தகம் இருப்பது வேறொரு தலைப்பின் கீழ்: ஒரு பிள்ளையைக் கூட்டம் எப்படி ஓரங்கட்டுகிறது, அதை ஒரு பள்ளிக்கூடம் எந்த அளவுக்குத் தடுக்க முடியும்?

புத்தகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஜன்னலோரத்துச் சிறுமி என்பதை நாம் ஏதோ அழகான படம் மாதிரி வாசித்துவிடுகிறோம். தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட ஜன்னலோரம் நின்று நின்றே முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவள் அவள். அது ஒரு பக்கம். தெட்சுகோ குரோயானகி இதை எழுதிய காலத்தில் ஜப்பானில் 'ஜன்னலோரத்து ஆட்கள்' என்று ஒரு பேச்சு வழக்கு இருந்தது. அலுவலகத்தில் வேலை எதுவும் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்ட ஊழியர்களை அப்படிச் சொல்வார்கள். 1981இல் அந்தத் தலைப்பைப் பார்த்த ஜப்பானிய வாசகருக்கு அது அழகாகத் தெரிந்திருக்காது, சுருக்கென்று பட்டிருக்கும்.

இனி விளையாட்டு விழாவுக்கு வருவோம். எனக்கு இந்தப் புத்தகத்தின் மையம் அதுதான். டகாஹாஷி என்ற பையனுக்குக் கை கால்கள் குட்டை, இனி வளரவும் போவதில்லை. அந்த விழாவில் எல்லாப் போட்டியிலும் அவனே முதல். துணியால் செய்த பெரிய மீனின் வயிற்றுக்குள் தவழ்ந்து வெளியே வர வேண்டும். நெட்டைப் பிள்ளைகள் உள்ளே சிக்கித் தவிக்கிறார்கள், அவன் வந்துவிடுகிறான். படிக்கட்டில் ஏறி இறங்கும் ஓட்டத்தில், இரண்டிரண்டாகத் தாவக்கூடாது என்பது விதி, அங்கேயும் அவன்தான். அவனுக்காகவே கோபயாஷி அந்தப் போட்டிகளை யோசித்து வைத்திருந்தார் என்பது குரோயானகிக்குப் பெரியவளான பிறகுதான் விளங்குகிறது.

"இது மோசடி இல்லையா? மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நூறு மீட்டர் ஓட்டத்தை யார் அளவுக்கு வைத்துத் தைத்தார்கள்? நீளக் கால்காரனின் அளவுக்கு. அதை நாம் மோசடி என்று சொல்வதில்லை, பழகிவிட்டது. கோபயாஷி டகாஹாஷிக்குக் கருணை மதிப்பெண் போடவில்லை, பத்தடி முன்னால் நிறுத்தவில்லை. அளவுகோலை மாற்றினார், அவ்வளவுதான். யார் யாரைக் கேலி செய்வது என்பது பெரும்பாலும் எந்த அளவுகோல் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'எல்லோரும் சமம்' என்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு அதே ஓட்டப்பந்தயத்தை வைத்தால், மதியத்துக்குள் பட்டப்பெயர் வந்துவிடும்.

அப்புறம் பரிசு. நம்ம ஊர் விழாவாக இருந்தால் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ், எவர்சில்வர் டம்ளர், சோப்பு டப்பா. அங்கே முதல் பரிசு ஒரு பெரிய முள்ளங்கி, மூன்றாம் பரிசு ஒரு கட்டுக் கீரை. பிள்ளைகளுக்கு ஒரே வெட்கம். கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் எப்படிப் போவது? கோபயாஷி அசரவில்லை. நீங்களே சம்பாதித்த காய்கறி, ராத்திரி வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள் என்கிறார். ஒரு கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டலாம். முள்ளங்கி ராத்திரிக்குள் தீர்ந்துபோகும்.

இந்த முள்ளங்கிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது விவசாய ஆசிரியர் வரும் அத்தியாயம். பள்ளிக்கு அருகே நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியை அழைத்துவந்து, இவர்தான் இன்றைக்கு உங்கள் ஆசிரியர் என்று கோபயாஷி நிறுத்துகிறார். அவர் கூச்சப்படுகிறார், நான் வெறும் விவசாயி என்கிறார். கோபயாஷி விடுவதில்லை, ஆசிரியர்தான் என்கிறார். ஓடைக்குப் பக்கத்து நிலத்தில் பிள்ளைகள் அவரிடம் களை பிடுங்கவும் விதைக்கவும் கற்கிறார்கள். சின்ன அத்தியாயம், வேகமாகப் புரட்டினால் தவறிப்போகும்.

குழந்தை இலக்கியத்தில் தோட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1911இல் பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதிய 'ரகசியத் தோட்டம்' இந்த வகைக்கே தாய். அதிலும் சிடுசிடுப்பான மேரி இருக்கிறாள், மற்றக் குழந்தைகள் பட்டப்பெயர் பாடி அவளைச் சீண்டுகிறார்கள். அதிலும் ஒட்டாத நட்பு ஒட்டுகிறது. ஆனால் செடி கொடியெல்லாம் தெரிந்தவன் யார்? வீட்டு வேலைக்காரியின் தம்பி டிக்கன். கடைசியில் கதையின் நடு இடத்தில் நிற்பவன் யார்? மாளிகை வாரிசு காலின். டிக்கன் மெதுவாக ஓரத்துக்குப் போய்விடுகிறான். டோமோயே பள்ளியில் மண் தெரிந்தவர் முன்னால் நிற்கிறார், பெயரோடு 'ஆசிரியர்' ஒட்டியிருக்கிறது. பர்னெட்டின் தோட்டத்தைவிட இந்த வயல் எனக்குப் பெரிதாகப் படுவது அதனால்தான்.

கேலியை நேராகத் தொடும் அத்தியாயம் வால் பற்றியது. மனிதனுக்கு ஒரு காலத்தில் வால் இருந்தது என்று பாடம் நடக்கிறது. உனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று வகுப்பாசிரியை விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார், அதுவும் டகாஹாஷியிடம். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. கோபயாஷி கொதித்துப்போகிறார். இவ்வளவு கோபமாக அவரைப் புத்தகத்தில் வேறெங்கும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் கண்டித்தது ஆசிரியர் அறையில் இல்லை, சமையலறையில், மற்ற ஆசிரியர்கள் இல்லாத இடத்தில். ஒரு பையன் கூட்டத்தின் முன் குறுகியதற்காக ஆசிரியையைக் கூட்டத்தின் முன் குறுகவைக்கவில்லை. எத்தனை பள்ளிகளில் இந்தச் சமையலறை இருக்கிறது, சொல்லுங்கள்?

குறை இல்லாமல் இல்லை. ஓயே என்ற பெரிய பையன் டோட்டோ-சானின் பின்னலைப் பிடித்து இழுக்கிறான், அவள் அழுதுகொண்டு கோபயாஷியிடம் ஓடுகிறாள், பிறகு அவன் வந்து மன்னிப்புக் கேட்கிறான். முடிந்தது! அவனிடம் என்ன பேசினார் என்பது அவன் வாயால் வரும் இரண்டு வரிதான். இழுத்தவன் மனசுக்குள் என்ன நடந்தது? குரோயானகிக்கு அதில் ஆர்வமே இல்லை. நல்லது நடந்தால் அது கோபயாஷியால்தான் நடந்தது என்று சொல்லும் நன்றியுணர்ச்சி பல இடங்களில் கதையை மெலிதாக்கிவிடுகிறது. பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொண்ட சரிசெய்தல்கள் குறைவாகத்தான் கண்ணில் படுகின்றன.

அதற்கு விலக்கு மரம். போலியோவால் கை கால் பாதிக்கப்பட்ட யாசுவாகியைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைத்து, ஏணியை இழுத்துவந்து, வியர்க்க விறுவிறுக்க அவனை மேலே ஏற்றுகிறாள் டோட்டோ-சான். பெரியவர்கள் யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அலறியிருப்பார்கள். இங்கே கோபயாஷி இல்லை, பாடமும் இல்லை. இரண்டு பிள்ளைகள், ஒரு மரம். இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே மற்றதையெல்லாம் மன்னிக்கலாம்.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது மசாவோ. கொரியாவை ஜப்பான் 1910 முதல் ஆண்டுகொண்டிருந்த காலம். டோட்டோ-சான் போகும் வழியில் வசிக்கும் கொரியப் பையன் அவன். ஒருநாள் அவளைப் பார்த்து "கொரியாக்காரி!" என்று கத்துகிறான். அவளுக்குப் புரியவில்லை, அம்மாவிடம் போய்ச் சொல்கிறாள். அம்மாவுக்குக் கண் கலங்குகிறது. அவனைப் பார்த்து எல்லோரும் அப்படிக் கத்தியிருப்பார்கள்; அதன் பொருள் தெரியாமல், யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அதுதான் சொல் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று விளக்குகிறார். தன் இனத்தின் பெயரையே வசவாகக் கற்றுக்கொண்ட பிள்ளை. கொடுமைக்கு ஆளானவன் அதைத் திருப்பி வீசுவதை இதைவிடச் சுருக்கமாக எழுதிய குழந்தைப் புத்தகம் எனக்குத் தெரியாது.

இனிமேல் அவன் அப்படிச் சொன்னால் நாமெல்லாம் ஒரே மாதிரிப் பிள்ளைகள்தானே என்று சொல்லி நட்பாகிவிடலாம் என்று அவள் திட்டமிடுகிறாள். மசாவோ டோமோயேவில் சேர்வதில்லை. துணி மீனுக்குள் அவன் தவழவில்லை, ஓடையோரத்து வயலில் அவனுக்கென்று ஒரு பாத்தி இல்லை. சுமார் 50 பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளியின் வாசல், டோட்டோ-சான் தினமும் நடந்த வழியில் இருந்த ஒரு வீட்டுக்குத் திறக்கவில்லை. குரோயானகி அதை மறைக்கவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. 1945இல் குண்டுவீச்சில் பள்ளி எரிந்தது. மசாவோவின் வீடு என்ன ஆனது என்று புத்தகத்தில் இல்லை.