மூக்கும் நெருப்பும்

உருவம் உள்ளடக்கத்தை மறைத்தால் அது பொய் உருவம் என்பது நம் விமர்சனத்தில் யாரும் கேள்வி கேட்காத தீர்ப்பாகிவிட்டது. இதைச் சோதிக்க இரண்டு ரயில் எஞ்சின்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் நான் புகைப்படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பால்டிமோர் அண்ட் ஒஹையோ, அமெரிக்காவின் மிகப் பழைய ரயில் கம்பெனிகளில் ஒன்று, 1827-இல் நிறுவப்பட்டது. பயணி வண்டிகளை இழுக்க 1935-இல் அதற்கு வந்த 50-ஆம் எண் டீசல் எஞ்சின் வெறும் பெட்டி. முகம் கிடையாது, சுவரில் ஜன்னல்கள், அவ்வளவுதான். 1937-இல் வந்த 51-ஆம் எண்ணுக்கோ சரிந்து நீண்ட மூக்கு, வழுவழுப்பான உடல். உள்ளே இருந்தது ஒன்றுதான்: தலா 900 குதிரைசக்தியில் இரண்டு வின்டன் எஞ்சின்கள். அவை ஜெனரேட்டர்களைச் சுழற்றும்; அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் அச்சுகளைத் திருப்பும்.

அப்படியானால் மூக்கு எதற்கு? நீராவி எஞ்சினின் தண்டுகளும் சக்கரங்களும் கண்ணுக்குத் தெரிய உழைத்தன, அதுவே நேர்மை. டீசலின் மூடிய உடல் விற்பனைக்கான ஒப்பனை என்பது வழக்கமான வாதம். ஒப்பனை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் 51-இன் பக்கச் சுவர்களுக்குள் இருப்பது பாலங்களுக்குரிய எஃகுச் சட்டகம். பாரத்தைத் தாங்குவது அது. மூக்கு, டிரைவரை மோதலின் முனையிலிருந்து பின்னுக்கும் மேலுக்கும் நகர்த்துகிறது. பெட்டி எஞ்சினில், லெவல் கிராஸிங்கில் மாட்டிக்கொண்ட லாரிக்கும் அவருக்கும் நடுவே முன்சுவர் மட்டும்தான். எளிமையாகத் தோன்றுவதெல்லாம் நேர்மை ஆகிவிடாது.

இந்த உருவம் மறைப்பது வேறொன்றை. 1937-இல் ரயில் கம்பெனிகள் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி டீசல் பயணி எஞ்சின்களிலும் ஃபயர்மேன் இருந்தார். அள்ளிப் போடக் கரி இல்லை. ஆனால் பெட்டிகளைச் சூடாக்க நீராவி வேண்டியிருந்தது. அதற்கான சிறிய பாய்லர் அந்த வழுவழுப்பான உடலுக்குள்ளேயே இருந்தது; அதைக் கவனிப்பதும் அவர் வேலை. பின்னாளில், டீசலில் ஃபயர்மேன் தேவையற்ற ஆள் என்று கம்பெனிகள் வாதாடின. 1963-இல் காங்கிரஸ் கட்டாய நடுவர் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி வந்த தீர்ப்பு, சரக்கு வண்டிகளிலும் யார்டுகளிலும் பெரும்பாலான ஃபயர்மேன் இடங்களை நீக்க வழிசெய்தது.

கரியும் அடுப்பும் போன பிறகும் ஃபயர்மேன் என்ற சொல் ஓர் ஆளின் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பொருள் இழந்த சொல் என்று அதை ஒதுக்குகிற விமர்சகன், தன்னை அறியாமலே கம்பெனியின் வாதத்தைத் திருப்பிச் சொல்கிறான். 51 இன்று பால்டிமோரில், அந்த ரயில்வேயின் மியூசியத்தில் நிற்கிறது. அதன் மூக்கைப் பற்றி எழுதுகிறவர்கள், அதற்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றியும் எழுத வேண்டும். அது இல்லாத உருவ விமர்சனம் பாதிதான்.