ஜெயித்தும் மனம் ஒப்பாத வாரங்கள்: அல்ட்ராமேனும் அவன் வகையறாவும்

1966 ஜூலையில், இரண்டு வார இடைவெளியில், இரண்டு ராட்சதர்கள் ஜப்பானியச் சின்னத்திரையில் வந்து இறங்கினார்கள். 4ஆம் தேதி வந்தவன் மாக்மா. ஒஸாமு தெஸுகாவின் சித்திரக்கதையில் பிறந்தவன், தங்க நிறம், நினைத்தால் ராக்கெட்டாக மாறிப் பறப்பான். 17ஆம் தேதி ஞாயிறு இரவு ஏழு மணிக்கு டி.பி.எஸ். அலைவரிசையில் வந்தவன் அல்ட்ராமேன். முந்திக்கொண்டவன் மாக்மாதான் என்றாலும், வீட்டுக்கு வீடு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனவன் அல்ட்ராமேன். 39 வாரங்கள் ஓடிய அந்தத் தொடரின் சராசரிப் பார்வை விகிதம் 36.8 சதவீதம். ஒரு வாரம் அது 42.8 வரை ஏறியது.

நகரத்தை நொறுக்கும் கைஜூ எனப்படும் ராட்சத மிருகம், அதைத் தடுக்க வரும் அதே அளவு நாயகன், கீழே அட்டையிலும் பிளாஸ்டரிலும் செய்த டோக்கியோ. இந்த வகைத் தொடர்களின் சரக்கு மொத்தமும் இவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். பாதி வாரங்களுக்கு அப்படி ஒதுக்குவதில் தப்பும் இல்லை. ஆனால் நாயகன் ஜெயித்த பிறகும் பார்த்தவர் மனம் ஒப்பாமல் எழுந்துபோன சில வாரங்கள் உண்டு. இந்த வகை இன்றும் பேசப்படுவது அவற்றால்தான் என்பது என் கட்சி.

முதலில் காசுக் கதை. 1954இன் ‘காட்ஜில்லா’வுக்குத் தந்திரக் காட்சிகள் அமைத்த எய்ஜி ட்சுபுராயா, அறுபதுகளில் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஒரு தொடரை நம்பி அமெரிக்காவிலிருந்து ஆக்ஸ்பெரி 1200 என்ற ஆப்டிகல் பிரிண்டருக்கு ஆர்டர் கொடுத்தார். தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒரே படச்சுருளில் ஒட்டித் தரும் இயந்திரம் அது; விலையோ தலைசுற்ற வைப்பது. தொடர் கைநழுவியது, இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. எய்ஜியின் மூத்த மகன் ஹஜிமே அப்போது டி.பி.எஸ்.ஸில் இயக்குநர். இயந்திரச் சுமையை டி.பி.எஸ். ஏற்றுக்கொண்டது. அதன் பலனாகப் பிறந்ததுதான் 1966 ஜனவரியில் கறுப்பு வெள்ளையில் வந்த ‘அல்ட்ரா கியூ’. அதில் நாயகன் கிடையாது, மிருகங்கள் மட்டும். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, வண்ணத்தில், நாயகனோடு அடுத்த தொடர் வந்தது. தகேதா மருந்து நிறுவனம் விளம்பரதாரர்.

சிக்கனம் எந்த அளவுக்கு என்றால், 1965இல் தோஹோ ஸ்டுடியோவின் படத்துக்காகச் செய்த பாரகன் என்ற மிருகத்தின் வேஷ உடை, அலங்காரம் மாறி மாறி பாகோஸ், நெரோங்கா, மாகுலர், கபோரா என்று நான்கு அவதாரம் எடுத்தது. பத்தாம் வாரத்தில் வரும் ஜிராஸ் சாட்சாத் காட்ஜில்லாவேதான். கழுத்தைச் சுற்றி ஒரு விசிறி மடிப்பை ஒட்டியிருந்தார்கள். சண்டையின் நடுவே அல்ட்ராமேன் அந்த மடிப்பைப் பிய்த்து எறிகிறான், உள்ளே இருப்பது யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. உடைக்குள் இருந்தவரும் காட்ஜில்லாவுக்கே வேஷம் கட்டிய ஹருவோ நகாஜிமாதான். இல்லாமையை மறைக்காமல் விளையாட்டாக்கிக் காட்டிய அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

வடிவம் தந்தவர் தோஹ்ரு நரிதா, பயிற்சியால் சிற்பி. கைக்குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து இடது கை கருகியவர். மிருகங்களுக்கு அவர் சில விதிகள் வைத்திருந்தார்: இருக்கிற விலங்கை வெறுமனே ஊதிப் பெரிதாக்கக் கூடாது, உடல் சிதைந்ததாகக் காட்டக் கூடாது, ரத்தமும் சதையுமாக அருவருப்பு ஊட்டக் கூடாது. அவர் வரைந்ததை ரியோசாகு தகாயாமா ரப்பரில் வார்த்தார். நாயகனுக்கு நரிதா கேட்டது நேர் எதிரானது: அலங்காரம் எதுவும் இல்லாத உடல், பழங்காலக் கிரேக்கச் சிலைகளின் உதட்டில் இருக்கும் அந்தப் பிடிபடாத புன்னகை. மார்பில் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறித் துடிக்கும் விளக்கு அவர் வரைந்ததல்ல. சக்தி தீர்கிறது என்று காட்டப் பிறர் சேர்த்தது. சண்டையைச் சட்டென்று முடிக்கவும் அது கைகொடுத்தது. நரிதாவுக்கு அந்த விளக்கு கடைசிவரை ஒட்டவே இல்லை.

உள்ளே நின்றவர் பின் ஃபுருயா. முகம் காட்டி நடிக்கத்தான் தோஹோவில் சேர்ந்திருந்தார். நெட்டையான, கை கால் நீண்ட அவருடைய உடல்வாகை ‘அல்ட்ரா கியூ’வில் கெமூர் என்ற வேற்றுக்கிரகவாசியாகப் பார்த்த நரிதா, இவரே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ரப்பர் உடைக்குள் வேர்த்து, மூச்சுத் திணறி, தண்ணீர்த் தொட்டியில் விழுந்து எழுந்தவருக்கு ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிடலாம் என்றே தோன்றியிருக்கிறது. பேருந்தில் பிள்ளைகள் அல்ட்ராமேனைப் பற்றிக் கண்கள் பளபளக்கப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு மனம் மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார். முதுகைக் கூனி, கைகளை முன்னால் நீட்டி, பதுங்கி நிற்கும் அந்தப் பிரசித்தி பெற்ற நிலையை ஜேம்ஸ் டீன் படத்தின் கத்திச் சண்டையிலிருந்து எடுத்ததாகவும் சொல்வார். தசை முறுக்கிய வீரன் நிற்கும் நிலை இல்லை அது. கொஞ்சம் தயங்குகிறவன் நிற்கும் நிலை.

தயக்கம் கதைகளுக்குள்ளும் இருந்தது. நிறுவனத்தின் கதைப் பிரிவுக்குத் தலைவர் தெட்சுவோ கின்ஜோ, 1938இல் பிறந்தவர், ஒகினாவாவில் வளர்ந்தவர். 1945இல் அந்தத் தீவில் நடந்த போரைச் சிறு பிள்ளையாகக் கடந்தவர். அந்தப் போரில் அவருடைய தாய் ஒரு காலை இழந்தார். கின்ஜோ டோக்கியோவில் அல்ட்ராமேன் எழுதிய காலத்தில் ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்தது. சொந்த ஊருக்குப் போய்வரப் பயண ஆவணம் வேண்டியிருந்தது. அவரோடு எழுதிய ஷோஸோ உவெஹாராவும் ஒகினாவாக்காரர்தான். படை, தாக்குதல், பாதுகாப்பு என்ற சொற்களை இவர்கள் இருவரும் வெறும் சாகசமாக எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

இரண்டாவது வாரத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நண்டுக் கொடுக்குக் கைகளோடு வரும் பால்தான் கிரகத்தார் ஊரை இழந்தவர்கள். கிருமி அளவுக்குச் சுருங்கிய 200 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவர்கள் கப்பலில் இருக்கிறார்கள். பூமியின் சட்டதிட்டங்களுக்கு உட்பட்டால் இங்கே வாழலாம் என்கிறான், பூமியைக் காக்கும் படையின் வீரனும் அல்ட்ராமேனாக உருமாறுகிறவனுமான ஹயாதா. பேச்சு முறிகிறது. முடிவில் அல்ட்ராமேன் கப்பலை அழித்துவிடுகிறான். தோஷிஹிரோ ஈஜிமா இயக்கிய அந்த வாரம் கலகலப்பாகவே நகரும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும்.

23ஆம் வாரம் அந்தக் கணக்கை மறைக்கவில்லை. மாமோரு சசாகி எழுதி, அகியோ ஜிஸ்ஸோஜி இயக்கியது. அதில் வரும் ஜமீலா வேற்றுக்கிரகத்து மிருகம் இல்லை. மனிதன், விண்வெளி வீரன். விபத்தில் தண்ணீரே இல்லாத ஒரு கிரகத்தில் சிக்கிக்கொள்ள, அனுப்பிய நாடு அவமானத்துக்கு அஞ்சி விஷயத்தை மூடி மறைத்துவிட்டது. உடல் உருமாறி, பழிவாங்கத் திரும்பி வருகிறான். அல்ஜீரிய விடுதலைப் போராளி ஜமீலா பூபாஷாவின் பெயரைத்தான் சசாகி அவனுக்கு வைத்தார். பாரிஸிலிருந்து வந்த அதிகாரியின் உத்தரவு: அவன் மனிதன் என்பதை யாரும் அறியக் கூடாது, மிருகமாகவே முடித்துவிடுங்கள். ஈடே என்ற படைவீரன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மறுக்கிறான். நெருப்புக்கு அசையாத ஜமீலாவுக்குத் தண்ணீர் ஆகாது. எந்தத் தண்ணீருக்காக ஏங்கிக் கிடந்தானோ அதையே அல்ட்ராமேன் தன் கைகளிலிருந்து பீய்ச்சுகிறான். சேற்றில் விழுந்து, எழ முயன்று, மறுபடி விழுந்து, சமாதான மாநாட்டுக்கு நட்ட நாட்டுக் கொடிகளை நசுக்கியபடி அவன் புரள்கிறான். அந்த நேரத்தில் கேட்கும் ஓலத்துக்குக் குழந்தையின் அழுகையைச் சேர்த்தார்கள். வெற்றி இசை இல்லை. பிறகு ஒரு கல்லறைப் பலகை: 1960இல் பிறந்து 1993இல் இறந்தவன், மனித குலத்தின் கனவுக்காக உயிர் தந்தவன் என்று பொறித்திருக்கிறது. அதன் முன் நிற்கும் ஈடே, பலியானவர்களுக்கு எப்போதும் இப்படித்தான், சொற்கள் மட்டும் அழகாக இருக்கின்றன என்ற பொருளில் முணுமுணுக்கிறான். ஞாயிறு இரவு ஏழு மணிக்கு, மருந்து நிறுவனத்தின் தயவில், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக் காட்டியது இதை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சட்டைக் கழுத்தைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ‘ஜமீலா’ விளையாடினார்கள் என்பதும் உண்மை. பிள்ளைகள் எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிடுவார்கள்.

ஜிஸ்ஸோஜி அழவைக்க மட்டும் தெரிந்தவர் அல்லர். 34ஆம் வாரத்தில், கறி சோறு தின்றுகொண்டிருக்கும் ஹயாதா அவசரத்தில் உருமாறும் கருவிக்குப் பதிலாகக் கையிலிருந்த கரண்டியை வானை நோக்கித் தூக்குகிறான். அடுத்த வாரமே, இதுவரை கொன்ற மிருகங்களுக்கெல்லாம் படையினர் புத்த முறைப்படி நீத்தார் சடங்கு நடத்துகிறார்கள். கொன்றவனே திதி கொடுக்கும் அந்தக் காட்சி வேடிக்கையா வேதனையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எடுத்திருக்கிறார்.

கடைசி வாரம், 1967 ஏப்ரல் 9. ஸெட்டான் என்ற மிருகத்திடம் அல்ட்ராமேன் தோற்று விழுகிறான். ஸெட்டானை முடிப்பது மனிதர்கள் செய்த ஆயுதம். பார்வை விகிதம் உச்சத்தில் இருந்தும் தொடர் நின்றதற்குக் காரணம், வாராவாரம் முடித்துக் கொடுக்கத் தயாரிப்பால் ஈடுகொடுக்க முடியாமல் போனதுதான்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘அல்ட்ராசெவன்’ 49 வாரம் ஓடியது. மொத்தமாகப் பார்த்தால் இதுதான் இந்த வகையின் சிகரம் என்பார்கள் பலர், நானும் அந்தப் பக்கம்தான். வேற்றுக்கிரகவாசியும் நாயகனும் குடிசைப் பகுதி அறையொன்றில் தாழ்ந்த சாப்பாட்டு மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பூமியின் கதியைப் பேசும் வாரம் ஒன்று உண்டு, அதுவும் ஜிஸ்ஸோஜி. ஆனால் 42ஆம் வாரம் கின்ஜோவுடையது. கடலடியில் மனிதர் கட்டும் நிலையம் தாக்கப்படுகிறது. தாக்குகிறவர்கள் நான்மால்ட் இனத்தார். பூமியின் ஆதிக் குடிகள் தாங்களே, மனிதர்கள் தங்களைக் கடலுக்குள் துரத்திவிட்டு நிலத்தைப் பிடித்தவர்கள் என்பது அவர்கள் வழக்கு. அது உண்மையானால் வந்தேறி மனிதன்தான். படைத்தலைவர் கிரியாமா ஒரு கணம் தடுமாறுகிறார். பிறகு அந்த நகரத்தை அழிக்க உத்தரவிட்டு, கடலும் நம்முடையதே என்று பூரிக்கிறார். ஒகினாவாவை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று அறுதியிட்டுச் சொல்வது விமர்சகர்களின் ஆசை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கதையின் உறுத்தல் குறையாது. கின்ஜோ 1969இல் வேலையை விட்டு ஊர் திரும்பினார். 1976 பிப்ரவரியில், 37 வயதில், வீட்டில் தவறி விழுந்து இறந்தார்.

அவர் விட்ட இடத்தில் உவெஹாரா தொடர்ந்தார். 1971இன் ‘அல்ட்ராமேன் திரும்பி வந்தான்’ தொடரின் 33ஆம் வாரத்தில், ஆற்றங்கரையில் தனியே மண் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனை ஊரார் வேற்றுக்கிரகவாசி என்கிறார்கள். பையன்கள் அவனைக் கழுத்தளவு மண்ணில் புதைக்கிறார்கள். கடைகளில் அவனுக்கு எதுவும் விற்க மாட்டார்கள். ரொட்டிக் கடைப் பெண் ஒருத்தி மட்டும், இரக்கப்பட்டு அல்ல, கடைக்காரி என்ற முறையில் ரொட்டியைக் கொடுக்கிறாள். உண்மையான வேற்றுக்கிரகவாசி அவனை வளர்க்கும் நோயாளிக் கிழவர். கும்பல் திரண்டு வருகிறது, கிழவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவர் அடக்கிவைத்திருந்த மிருகம் வெளிப்பட்டதும் அதே கும்பல் காப்பாற்றச் சொல்லிக் கதறுகிறது. இவர்களை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று நாயகன் அசையாமல் நிற்கிறான். 1923 நிலநடுக்கத்தின்போது வதந்தியை நம்பிக் கொரியர்களை வெட்டிக் கொன்ற கும்பல்களை நினைத்து எழுதியதாக உவெஹாரா பின்னாளில் சொன்னார்.

மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 1967இன் ‘ஜயண்ட் ரோபோ’, எண்பதுகளில் தூர்தர்ஷன் பார்த்த நம்மவர்கள் சிலருக்கும் பழக்கம். கைக்கடிகாரத்தில் பேசி ராட்சத இயந்திரத்தை ஆட்டுவிக்கும் சிறுவன், கடைசியில் அவன் சொல்லைத் தட்டிவிட்டு உயிர் விடும் இயந்திரம். 1971இல் வந்த ‘ஸ்பெக்ட்ரமேன்’ தொடக்கத்தில் தன் தலைப்பையே வில்லன் பெயரில் வைத்திருந்தது. கோரி என்ற அந்த வானரத்தின் குற்றச்சாட்டு, மனிதர்கள் இந்த அழகான கிரகத்தைக் கழிவாலும் புகையாலும் நாசமாக்குகிறார்கள் என்பது. ஆலைக் கழிவால் ஊர்களே நோயுற்ற ஜப்பானில் அதை மறுத்துப் பேசுவது நாயகனுக்குச் சுலபமாக இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் ‘மிரர்மேன்’, ‘சில்வர் கமென்’ என்று இரண்டு தொடர்கள் ஞாயிறு ஏழு மணிக்கே ஒன்றோடொன்று மோதின. ஆளளவு நாயகனோடு ஜிஸ்ஸோஜி தொடங்கிய ‘சில்வர் கமென்’ எடுபடாமல் போகவே, நடுவழியில் நாயகனை ராட்சதனாக்கிவிட்டார்கள். 1973 எண்ணெய் நெருக்கடி வந்து செலவு ஏறியதும் மினியேச்சர் நகரங்கள் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1975 மார்ச்சில் ‘அல்ட்ராமேன் லியோ’வோடு முதல் சுற்று அடங்கியது.

தாய்லாந்துக் கிளைக்கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1974இல் அங்கே எடுத்த படத்தில் அல்ட்ரா சகோதரர்களோடு சேர்ந்து சண்டை போடுகிறவர் சாட்சாத் அனுமார். புத்தர் சிலைத் திருடர்கள் சுட்டுக் கொன்ற சிறுவன்தான் அனுமாராக எழுகிறான். எழுந்ததும் முதல் வேலை திருடர்களைத் தீர்த்துக்கட்டுவது. படம் எடுத்த தாய்லாந்துத் தரப்புக்கும் ட்சுபுராயா நிறுவனத்துக்கும் இருந்த கூட்டணி பிறகு 1976 தேதியிட்ட ஓர் ஒப்பந்தத் தாளை வைத்து வழக்காக மாறியது. ஜப்பானில் அந்தத் தாள் செல்லுபடியானது. தாய்லாந்து உச்ச நீதிமன்றம் 2008இலும் அமெரிக்க நீதிமன்றம் 2018இலும் ட்சுபுராயா பக்கம் தீர்ப்பளித்தன. வெளிநாடுகளில் இந்தத் தொடர்கள் பல்லாண்டு சரியாகக் கிடைக்காமல் போனதற்கு இந்த இழுபறி ஒரு முக்கியக் காரணம்.

2022இல் வந்த ‘ஷின் அல்ட்ராமேன்’ படத்தை எழுதிய ஹிதெயாகி அன்னோ, மாணவராக இருந்தபோது தானே அல்ட்ராமேன் வேஷம் கட்டிக் குறும்படம் எடுத்தவர். அவரும் இயக்குநர் ஷின்ஜி ஹிகுச்சியும் நரிதாவின் ஓவியத்துக்குத் திரும்பிப்போய், மார்பு விளக்கை எடுத்துவிட்டார்கள். பக்தியும் தொழில்நேர்த்தியும் உள்ள படம்தான். ஆனால் பழைய தொடரிலிருந்து அவர்கள் பொறுக்கி எடுத்தவர்கள் நெரோங்கா, கபோரா, ஸராப், மெஃபிலாஸ், ஸெட்டான். அத்தனை பேரும் அடித்து வீழ்த்தினால் உறுத்தாத எதிரிகள். ஜமீலாவுக்கு அதில் இடமில்லை.