எழுத்தர் நாற்காலியும் இலங்கை வேந்தனும்

நடிகர் முரளி யாரென்று ஆரியசாலைத் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டால், 'ஜெமினி' (2002) படத்துக் காவல் அதிகாரி என்பர். 'ஆதவன்' படத்து நீதிபதி என்பர். நாம் சொல்வது 'இதயம்' முரளியை அன்று, மலையாளத்து முரளியை. 'ஆதவன்' 2009 அக்டோபரில் வெளிவந்தது. அவரோ அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாளே இந்நகரில் மறைந்துவிட்டார். தொலைக்காட்சியில் இப்படங்கள் வரும்போதெல்லாம் நாம் காண்பது அக்கலைஞரில் ஒரு பகுதியைத்தான். கனத்த குரலையும் சுருங்கிய புருவத்தையும் வாங்கிக்கொண்டு, மீதியைத் தமிழ்த்திரை திருப்பி அனுப்பிவிட்டது.

அந்த மீதி வளர்ந்த இடம் நாம் குடியிருக்கும் இதே ஊர். இராமனாட்டம் பிறந்த கொட்டாரக்கரையை அடுத்த குடவட்டூரில் 1954இல் பிறந்த முரளி, முதலில் சுகாதாரத் துறையிலும் பின்னர் கேரளப் பல்கலைக்கழகத்திலும் எழுத்தராகப் பணிபுரிந்தவர். கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு இச்செய்தி இனிக்கிறது என்பதை மறைப்பானேன்? ஆங்கிலப் பேராசிரியர் நரேந்திர பிரசாத் இங்கு நடத்திய 'நாட்யகிருகம்' என்னும் குழுவே அவருடைய பயிற்சிக்களம். நம் அலுவலகங்களிலோ, ஒத்திகைக்குப் போகிறவர் விடுப்பு விண்ணப்பத்தில் 'சொந்த அலுவல்' என்றுதான் எழுதுகிறார்.

இந்திய அளவில் சிறந்த நடிகர் என்னும் 2001ஆம் ஆண்டின் தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது, பிரியநந்தனன் இயக்கிய 'நெய்த்துகாரன்'. இ.எம்.எஸ். மறைந்த செய்தி கேட்டு நிலைகுலையும் முதிய நெசவாளி அப்ப மேஸ்திரியாக அவர் நடித்தபோது வயது நாற்பத்தேழுதான். முதுமையை இருமலாலும் நடுங்கும் கையாலும் காட்டுவது எளிது. நம் நாடகங்களில் முக்கால்வாசிக் கிழவர்கள் அப்படித்தான் இருமுகிறார்கள். முரளியிடம் முதுமை ஒரு தாமதமாக வந்தது. எதிரிலுள்ளவர் பேசி முடித்த பிறகும் அச்சொல் அவரைச் சென்றடையச் சற்று நேரம் ஆகிறது. அந்தச் சிறு இடைவெளியில் ஒரு காலமே கடந்துபோவதை நாம் உணர்கிறோம்.

எனினும் அவரை அளக்கும் கோல் 'லங்காலக்ஷ்மி'யே என்பது நம் துணிபு. சி.என். ஸ்ரீகண்டன் நாயரின் இராமாயண நாடகங்கள் மூன்றனுள் ஒன்றான இதை, மேடையில் தனியொருவராக நின்று இராவணனாக நடித்துக் காட்டினார் முரளி. இராவணனைத் தலைவனாக்கியதில் தமிழ் மேடையும் பின்தங்கியதன்று, ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' பெற்ற புகழை நம் மூத்தோர் இன்றும் சொல்வர். ஆனால் அங்கே காட்சியமைப்பின் ஆடம்பரமே அரசனுக்குப் பாதி முடிசூட்டிவிட்டது. தனி நடிகனுக்கு அத்துணை இல்லை. இலங்கையின் செல்வத்தையும் அதன் அழிவையும் தன் உடலாலும் குரலாலும் அவனே எழுப்பியாக வேண்டும்.

1999இல் ஆலப்புழையில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றதை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிற்பாடு கிடைத்த கேரள சங்கீத நாடக அகாதமியின் தலைமைப் பதவி முக்கியமானது. நடிகருக்குத் தரப்படும் பதவி பெரும்பாலும் குத்துவிளக்கேற்றும் பதவியாகவே முடியும். அவர் தலைமையில் அகாதமி 2008இல் சர்வதேச நாடக விழாவைத் தொடங்கியது. அயல்நாட்டுக் குழுக்களைத் திருச்சூருக்கு அழைப்பதால் உள்ளூர்க் குழுக்களுக்கு என்ன பயன் என்று கேட்பாருண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. ஆயினும் பிறர் நடிப்பைக் கண்டறியாத நடிகன் தன்னையே நகலெடுத்துக்கொண்டிருப்பான். ஆசானின் கவிதையை நடிகனின் நோக்கில் ஆராய்ந்து நூலெழுதியவர் முரளி, இதை அறியாதவரல்லர்.

திருச்சூர் அகாதமி வளாகத்தில் இன்று அவர் பெயரால் ஓர் அரங்கு உண்டு. அடுத்த விழாவிற்குச் சங்கத்தார் சிலர் சென்றுவர எண்ணியுள்ளோம். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'நாடகம் பார்க்க' என்றே எழுதுவதாக இருக்கிறோம்.